ஏற்காட்டுப் பனியில் நாயை விளையாட விடுபவர்கள் செய்யும் தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை சேர்வராயன் கோயில் பக்கத்து மைதானத்தில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். சேலத்திலிருந்து வந்தவர்கள். கார்க் கதவைத் திறந்ததுமே லாப்ரடார் குட்டி ஒன்று கயிறில்லாமல் குதித்திறங்கி மூட்டத்துக்குள் ஓடி மறைந்தது. பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்கு வயிறு கலங்கியது. எட்டு வருடத்துக்கு முன் அதே இடத்தில் நானும் இதைத்தான் செய்தேன்.

ஏற்காட்டில் வெண்பனி கொட்டாது. மார்கழி, தையில் நாம் பனி என்று சொல்வது தரைவரை இறங்கும் மூட்டத்தையும் புல்லில் கோர்த்து நிற்கும் ஈரத்தையும்தான். நாய்க்கு அது போதும். வெயிலிலேயே கிடந்த சேலத்து நாய் அந்தப் புல்லில் புரண்டு எழும் அழகைப் பார்க்கவே மலையேறலாம். இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி வரும், ஜன்னலில் தலையை நீட்ட விடக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

மூட்டத்தில் கயிற்றை அவிழ்ப்பது, அப்புறம் வண்டியை எடுப்பது

"கூப்பிட்டால் வந்துவிடுவான்" என்றுதான் நானும் நம்பினேன். என்னுடையது சிப்பிப்பாறை, பெயர் வீரன். சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத மூட்டத்தில் அவற்றின் பெரிய பலமே போய்விடும். எதையோ விரட்டிக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. குரைப்பு கேட்டது, எந்தப் பக்கமிருந்து என்று பிடிபடவில்லை. நான் ஓடினேன். பத்து இடத்தில் நின்று பத்துத் திசையில் கத்தினேன். அவனுக்கும் என் குரல் அப்படித்தான் சிதறிக் கேட்டிருக்கும்.

அதற்கு மேல் செய்ததுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. ரோட்டோரமாகத் தேடலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பியபோது டீக்கடைப் பாட்டி சொன்னார்: "உன்ற வண்டி நின்ன எடத்தையே சுத்திச் சுத்தி மோந்துட்டுக் கெடந்துச்சு கண்ணு. இப்பத்தான் கீழ்ரோட்டுப் பக்கம் போச்சு."

கீழ்ரோட்டில் ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போயிருந்தது. பின்னங்கால் எலும்பு இரண்டாக முறிந்து, ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தோம். குளிர்ந்த விடியலில் அந்தக் காலை இன்னும் முழுதாக ஊன்றமாட்டான். பணம் போனதை மறந்துவிட்டேன். அவன் சரியான இடத்துக்குத்தான் திரும்பி வந்தான். நான்தான் அங்கே இல்லை.

வழி தவறிய நாய் பெரும்பாலும் வந்த மோப்பத்தையே பிடித்துக்கொண்டு, உங்களைக் கடைசியாக விட்ட இடத்துக்கு வரப் பார்க்கும். அதனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கட்டும். ஒருவர் அங்கேயே இருந்து, ஒரே இடத்திலிருந்து, விட்டு விட்டுக் கூப்பிடுங்கள். போட்டிருந்த சட்டையைக் கழற்றித் தரையில் போடுங்கள். தேடப் போவது இன்னொருவர், நடந்து மட்டும். அந்த லாப்ரடார் வீட்டு அப்பா கார்ச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். "வண்டியை எடுக்காதீங்க சார், இங்கேயே நில்லுங்க" என்று கொஞ்சம் அதட்டியே சொன்னேன். கால் மணி நேரத்தில் குட்டி வாலை ஆட்டிக்கொண்டு வந்து டயரை மோந்தது.

இதெல்லாம் நடக்காமலிருக்க முப்பதடிக் கயிறு போதும். பருத்திக் கயிறாக இருக்கட்டும். நைலான் உள்ளங்கையை அறுத்துவிடும். கழுத்துப் பட்டையில் கட்டாமல் நெஞ்சுப் பட்டையில் கட்டுங்கள், கழுத்தில் கட்டினால் கயிறு முடியும் இடத்தில் கழுத்தைத்தான் வெட்டி இழுக்கும். காப்பித் தோட்டங்களில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. குரைத்துச் சீண்டிவிட்டு நாய் ஓடி வருவது உங்களிடம்தான்.

ஈரத்தோடு விடுவது

சேலம் சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500. ஒரு மணி நேரப் பயணத்தில் ஏழெட்டு டிகிரி இறங்கிவிடும். ஒட்டிய முடியுள்ள நம்மூர் நாய்க்கு இது பெரிய மாற்றம். பாவம், குளிருமே என்று பழைய டீ-ஷர்ட்டை மாட்டிவிடுகிறார்கள். பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். வெறும் உடம்பே மேல். வாலை இடுக்கிக்கொண்டு, பாதத்தை மாற்றி மாற்றித் தூக்கினால் விளையாட்டு முடிந்தது. துண்டால் வயிற்றையும் தொடை இடுக்கையும் அழுத்தித் துடைத்துவிட்டு வண்டியில் ஏற்றுங்கள், ஏசி போடாமல்.

ஹஸ்கிக்கு மொட்டை

வேண்டாம். அதன் இரட்டை முடிதான் குளிரையும் வெயிலையும் தடுக்கிறது.

காப்பிப் பழம்

பனிக்காலம்தான் பழம் பறிக்கும் காலமும். சிவந்து உதிர்ந்த பழத்தின் தோல் இனிக்கும், லாப்ரடார் அள்ளி அள்ளித் தின்னும். உள்ளே இருப்பது கஃபீன், நாய்க்கு விஷம். நிலைகொள்ளாமல் அலைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உடம்பு நடுங்கினாலோ குளிர் என்று நினைத்துப் போர்த்திவிட்டு உட்காராதீர்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

ஏரிக்கரையில் பிஸ்கட் பாக்கெட்

குரங்கு பார்க்கும். பிரிக்காதீர்கள்.

உண்ணி

குளிரில் உண்ணி இருக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இருக்கும். அன்று இரவே காது மடல், விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழே எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். அடுத்த மூன்று வாரத்துக்குள் சாப்பாட்டை ஒதுக்கினால் உண்ணி பரப்பிய காய்ச்சலாக இருக்கலாம்; உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மருத்துவரிடம் "ஏற்காடு போய் வந்தோம்" என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.