உருக்கின் மேற்பரப்பை வாயு நைட்ரைடிங் முறையில் கடினமாக்குதல்

வாயு நைட்ரைடிங்கில் உருக்கு உறுப்பை 500 முதல் 560 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி அம்மோனியா வாயுவில் வைக்கிறோம். சூடான பரப்பைத் தொடும் அம்மோனியா பிரிந்து, அதிலிருந்து வெளிவரும் நைட்ரஜன் அணுக்கள் உருக்கினுள் ஊடுருவி, அங்குள்ள குரோமியம், அலுமினியம், மாலிப்டினம் ஆகியவற்றோடு சேர்ந்து நுண்ணிய நைட்ரைடுகளாகின்றன. கடினத்தைத் தருபவை இவையே என்பதால், இக்கலப்புத் தனிமங்கள் இல்லாத சாதாரண கார்பன் உருக்கில் எதிர்பார்த்த பலன் கிடைக்காது.

பெரும்பாலான பிழைகள் உலைக்கு வெளியே நிகழ்பவை. உறுப்பை முதலில் முழுமையாகக் கடினப்படுத்தி டெம்பர் செய்யவேண்டும், அதாவது நொறுங்கும் தன்மை குறைய மறுபடி மிதமாகச் சூடாக்கவேண்டும். டெம்பரிங் வெப்பநிலை நைட்ரைடிங் வெப்பநிலையைவிடக் குறைந்தது 30 டிகிரியாவது கூடுதலாக இல்லாவிட்டால், உலையில் கிடக்கும் நீண்ட நேரத்தில் உட்பகுதி இளகிவிடும். முரட்டுக் கடைசலுக்குப் பின், உலோகத்தினுள் தங்கிய இறுக்கத்தைச் சூடாக்கி நீக்கி, கார்பன் இழந்த மேல்தோலை மிச்சமின்றி அகற்றி, இறுதி அரவையையும் முடித்துவிட வேண்டும். அத்தோல் எஞ்சினால் கடினப்படலம் உதிரும். கூர் விளிம்புகளைச் சற்று மழுக்குவது நல்லது, ஏனெனில் அங்கே நைட்ரஜன் இரு பக்கமும் நுழைந்து விளிம்பை நொறுங்கச் செய்கிறது. கடினம் வேண்டாத இடங்களில் வெள்ளீயம் அல்லது செம்பு பூசலாம். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கியபின் வெறுங்கையால் தொடக்கூடாது.

காற்றில் ஏறத்தாழ 15 முதல் 28 விழுக்காடு அம்மோனியா கலந்தால் அது வெடிக்கக்கூடியது. ஆகவே உலையை மூடியதும் நைட்ரஜன் செலுத்திக் காற்றை வெளியேற்றிய பின்னரே அம்மோனியாவைத் திறக்கவேண்டும்.

இனி கவனிக்கவேண்டியது பிரிகை விகிதம், அதாவது வெளியேறும் வாயுவில் பிரிந்துபோன பங்கு. அளவுகோல் பொறித்த கண்ணாடிக் குழாயில் வாயுவைப் பிடித்து நீரை விட்டால், பிரியாத அம்மோனியா நீரில் கரைந்து, மீதமுள்ள வாயுவின் அளவே விகிதத்தைக் காட்டும். இருகட்ட முறையில், 525 டிகிரியையொட்டி முதல் சில மணி நேரம் 15 முதல் 30 விழுக்காட்டிலும், பிறகு 550 டிகிரிக்குச் சற்று மேலாக 75 முதல் 85 விழுக்காட்டிலும் விகிதத்தை நிலையாக வைத்திருப்பார்கள். ஒரே கட்டமாகக் குறைந்த விகிதத்திலேயே விட்டால், வெள்ளைப் படலம் எனப்படும் நொறுங்கும் மேலடுக்கு தடித்துவிடும். ஆழம் நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்தொடர்வதால், இருமடங்கு ஆழத்துக்கு நான்கு மடங்கு நேரம் பிடிக்கும். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆசைப்படுவது பெரும்பாலும் வீண்.

கழிவு வாயுவை நீரில் விடுவதானால் இடையில் ஒரு வெற்றுக் கலம் வைக்கவேண்டும். அம்மோனியா வேகமாகக் கரையும்போது நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட்டுச் சூடான உலைக்குள் பாயக்கூடும். வாயு ஓட்டத்திலேயே 150 டிகிரிக்குக் கீழ் குளிரவிட்டு, நைட்ரஜனால் துப்புரவாக்கிய பின்னரே மூடியைத் திறக்கவேண்டும்.

சோதனைக்கு, கூடவே வைத்த அதே உருக்குத் துண்டை வெட்டி, குறைந்த சுமையில் விக்கர்ஸ் கடினத்தை (வைர முனை பதிக்கும் தடத்தின் அளவைக் கொண்டு கணிப்பது) அளக்கவேண்டும்: அலுமினியம் கலந்த உருக்கில் 1000 அளவிலும், குரோமியம்-மாலிப்டினம் உருக்கில் 600 முதல் 700 வரையிலும் வரும். மற்றொரு கடினச் சோதனையான ராக்வெல் சி முறையில், முனையின் 150 கிலோ சுமை மெல்லிய படலத்தைத் துளைத்து, உட்பகுதியின் மென்மையையும் சேர்த்துக் காட்டிவிடும்.