கச்சான் காற்றடிக்கிற ஊரில் பழைய விஸ்கியைச் சுவைக்கிற முறை

வெளிநாட்டிலிருந்து வருகிற சொந்தக்காரர் 18 வருஷத்துச் சிங்கிள் மோல்ட், அதாவது ஒரே வடிசாலையில் பார்லியில் வடித்த விஸ்கி, கொண்டுவருவார்கள். இங்கே அதைக் கிளாஸ் நிறைய ஐஸ் போட்டு, சோடா ஊற்றி, இறால் பொரியலோடு அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுவார்கள். எனக்கு மனம் பொறுக்காது. டுபாயில் ஒரு ஹோட்டல் பாரில் 11 வருஷம் நின்றவன் நான். இப்போது மட்டக்களப்பில் கல்லடியில் வீடு. அங்கே படித்ததை இந்த ஊர் வெக்கைக்கு ஏற்ற மாதிரிச் சொல்கிறேன்.

முதலில் நேரம். கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வருகிற வெக்கைக் காற்று, வீசுகிற நாளில் பகலில் போத்தலைத் திறக்க வேண்டாம். சூட்டில் மதுசாரம் முந்திக்கொண்டு மூக்கில் ஏறும், மற்ற மணமெல்லாம் அதற்குப் பின்னால் ஒளிந்துவிடும். பொழுது சாய்ந்து வாவிப் பக்கம் காற்று மாறட்டும். அப்போதும் வெக்கையாக இருந்தால் போத்தலை 15 நிமிஷம் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். சாப்பாட்டுக்கு முன்னம் சுவைக்க வேண்டும். நுளம்புச் சுருளை அணைத்துவிடுங்கள். அந்தப் புகைக்குள் எந்த விஸ்கியும் ஒன்றுதான்.

கிளாஸ் அடி பருத்து வாய் ஒடுங்கினதாக இருக்கட்டும். 25 மில்லி போதும். ஊற்றிவிட்டுப் பத்து நிமிஷம் சும்மா இருங்கள். பிறகு வாயைக் கொஞ்சம் திறந்தபடி, கிளாஸைக் கன்னத்துப் பக்கமிருந்து மெல்ல மூக்குக்குக் கொண்டுவாருங்கள். மூக்கை உள்ளே விட்டால் எரியும், அத்தோடு அன்றைய சுவை முடிந்தது.

மணத்துக்கு நம்முடைய பெயர்களையே வையுங்கள். ஸ்கொட்லாந்தில் பெரும்பாலும் அமெரிக்காவில் பேர்பன் என்ற சோள விஸ்கி இருந்த ஓக் மரப் பீப்பாவில்தான் ஊற வைப்பார்கள். ஓக்கில் லக்டோன் என்று ஒரு பொருள் உண்டு. அதன் மணம் அப்படியே தேங்காய். வனிலாவும் அந்த மரத்திலிருந்துதான் வரும். தேங்காய்ப்பூவும் சீனியும் சட்டியில் இளகுகிற மணம் வந்தால், அது பேர்பன் பீப்பா. ஷெரி என்ற ஸ்பானிய வைன் இருந்த பீப்பா என்றால் நத்தாருக்கு ஊறப்போட்ட முந்திரிகை வற்றல், கறுவா, ரிச் கேக். கிளென்பார்க்ளஸ் என்ற விஸ்கியில் 15 வருஷத்தது அப்படிப்பட்டது. ஸ்கொட்லாந்தின் ஐலா தீவில் வடிக்கிற லகவுலின் 16 வேறு சாதி: பார்லியைப் பீட் என்ற, மக்கின செடிகொடியாலான சதுப்பு மண்ணை எரித்த புகையில் காயவைப்பதால், ஈரப் பொச்சுமட்டை புகைகிற மணமும், காயத்துக்குப் போடுகிற அயடீன் மணமும் சேர்ந்து வரும். முதல் தரம் முகம் சுளிப்பீர்கள். மூன்றாம் தரம் அதையே தேடுவீர்கள்.

நிறத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்கொட்லாந்து விஸ்கிக்குக் கரமல் (கருக்கின சீனி) நிறம் சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. போத்தலில் உள்ள வயது, உள்ளே கலந்ததில் ஆக இளையதின் வயது. ஆகக் குறைந்தது 3 வருஷம் பீப்பாவில் கிடக்க வேண்டும். போத்தலில் அடைத்த பிறகு அதற்கு வயது ஏறாது. வயது கூடினது எல்லாம் நல்லது என்றும் இல்லை. மரம் கூடிப்போனால் அதிக நேரம் ஊறின தேயிலைச் சாயம் மாதிரி நாக்கைக் கசந்து இழுக்கும். அப்படி இழுக்கிற 25ஐ விட, பழமும் மரமும் சரிக்குச் சரி நிற்கிற 12 எனக்கு மேல்.

வாயில் சிறு மிடறு, நாக்கில் உருட்டிப் பத்து எண்ணி விழுங்குங்கள். பிறகு தேக்கரண்டியால் சில சொட்டுத் தண்ணீர். நம் கிணற்றுத் தண்ணீர் சவர். கொதித்தாறின உப்பில்லாத தண்ணீராக எடுங்கள். இப்போது திரும்ப மோந்துபாருங்கள். முன்னம் அடங்கிக் கிடந்த பழ மணம் மேலே வந்திருக்கும். விழுங்கின பிறகு தொண்டையில் சுவை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று மணிக்கூட்டைப் பார்ப்பேன். ஒரு நிமிஷம் தாண்டி, கசக்காமல் நின்றால் அது நல்ல சரக்கு.

ஒரு போத்தலை நானே கெடுத்தேன். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி மேல் படுக்க வைத்துவிட்டு ஒரு வருஷம் மறந்துபோனேன். வைன் போத்தலைப் படுக்க வைப்பார்கள். விஸ்கியின் மதுசாரம் தக்கையைத் தின்றுவிடும். திறக்கும்போது தக்கை பொடிப்பொடியாக உள்ளே விழுந்தது. தேயிலை வடியால் வடித்தேன், தக்கை மணம் போகவில்லை. இருட்டாக, குளிர்ச்சியாக, நிமிர்த்தி வையுங்கள். பாதிக்குக் கீழே போனால் சில மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், உள்ளே காற்றுக் கூடி மணம் தட்டையாகும்.

குடித்த கிளாஸை அன்றிரவு கழுவாதீர்கள். விடியற்காலை, வீட்டில் தேத்தண்ணி போட முன்னம், காய்ந்த கிளாஸை மோந்துபாருங்கள். மதுசாரம் பறந்துபோய்விட்டிருக்கும். தேனும், மரத்தூளும், லகவுலின் என்றால் ஆறின அடுப்புச் சாம்பலும் அடியில் கிடக்கும்.