மோட்டார்ஹோமுக்குச் சூரிய மின்சாரம்: மழை நாளை மனத்தில் வைத்துத் திட்டமிடுதல்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரத்தில் பழைய வேன் ஒன்றை மோட்டார்ஹோமாக மாற்ற நினைப்பவர், கூரையில் எத்தனை சோலார் பேனல் கொள்ளும் என்று அளந்து பார்ப்பதற்கு முன், வண்டிக்குள் ஒரு நாளைக்கு எவ்வளவு மின்சாரம் செலவாகும் என்பதைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சாதனத்தின் வாட் அளவையும் அது ஓடும் மணி நேரத்தால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 45 வாட் இழுக்கும் 12 வோல்ட் குளிர்பெட்டியின் கம்ப்ரஸர் நம் வெப்பத்தில் பாதி நேரமாவது ஓடும் என்பதால் அதற்கு 550 வாட்-மணி ஒதுக்கலாம். 25 வாட் விசிறி இரவில் 8 மணி நேரம் சுழன்றால் 200 ஆகும். விளக்கு, கைப்பேசி, தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றுக்கு 80 போதும். 450 வாட் ரைஸ் குக்கரை அரை மணி நேரம் போட்டால், பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 260 ஆகும். மொத்தம் ஏறக்குறைய 1,100 வாட்-மணி. ஏர்கோனை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இரவு முழுவதும் ஓடினால் மற்ற எல்லாவற்றையும்விட அது ஒன்றே அதிகமாகத் தின்றுவிடும்.

அடுத்தது வெயில். விடிந்தது முதல் அந்தி வரை விழும் வெளிச்சத்தை உச்சி வெயிலாகச் சுருக்கிக் கணக்கிட்டால், இப்பகுதிக்கு நாளொன்றுக்கு நாலரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். பேனலில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு 25 பாகை செல்சியஸில் எடுக்கப்பட்டது; வேன் கூரையிலோ பேனல் 60 பாகைக்கு மேலும் சுடும், ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.4 விழுக்காடு திறன் குறையும். தூசியையும் வயரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்து 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டால், 100 வாட் பேனல் ஒன்று நாளுக்கு 315 வாட்-மணி தரும். அப்படியானால் நமக்கு 400 வாட், அதாவது நான்கு பேனல், போதும். ஆனால், ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகல்தோறும் இடியுடன் மழை கொட்டும்போது அதே 400 வாட் 700 வாட்-மணிதான் கொடுக்கும். இந்தக் குறையை இன்னும் இரண்டு பேனல் போட்டுச் சரிக்கட்ட முயல்வது வீண் என்பது என் கருத்து. அதைவிட, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்நேட்டரிலிருந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் ஒன்றை இணைப்பது சிறந்தது. சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறிச் சேர்வதற்குள் குறைந்துபோன 400 வாட்-மணி பேட்டரிக்குள் வந்துவிடும்.

நம் ஊரில் மழையைவிடவும் கவனிக்க வேண்டியது நிழல். செம்பனை மரத்தின் ஒரே ஒரு மட்டை பேனலின் மூலையில் நிழல் போட்டாலும், செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருப்பதால் அந்தப் பேனலின் மின்னோட்டம் பெருமளவு குறைந்துவிடும்; எல்லாப் பேனல்களையும் ஒரே தொடராகக் கோத்திருந்தால் பாதிப்பு மற்றவற்றுக்கும் பரவும். நாம் இடப்பக்கம் ஓட்டி, சாலையின் இடது ஓரத்தில் நிறுத்துபவர்கள். மர நிழல் பெரும்பாலும் அந்தப் பக்கத்திலிருந்தே விழும். ஆகவே இடப்பக்கத்து இரண்டு பேனல்களை ஒரு தொடராகவும் வலப்பக்கத்து இரண்டை மற்றொரு தொடராகவும் கோத்து, பிறகு இரு தொடர்களையும் பக்க இணைப்பில் சேர்த்தால், ஒரு பக்கம் மங்கினாலும் மறுபக்கம் வேலை செய்யும். இவ்வாறு கோத்தால் மின்னழுத்தம் 44 வோல்ட் வரை போகலாம். ஆகவே, பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்ற அளவுக்கு மாற்றித் தரும் எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலரை, 100 வோல்ட், 40 ஆம்பியர் தாங்குவதாகப் பார்த்து வாங்குங்கள். பேனலுக்கும் கூரைக்கும் இடையில் காற்றுப் போக இடைவெளி விடுவது அவசியம். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சாய்வுச் சட்டம் தேவையில்லை. கூரையைத் துளையிடுவதற்கு முன், வாகன மாற்றத்துக்கான விதிகளைச் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரியைப் பொறுத்தவரை, 200 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 2,560 வாட்-மணி அடங்கும். அதில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் ஒன்றரை நாளைக்கு மேல் தாங்கும். ஈய-அமில பேட்டரியில் பாதியை மட்டுமே எடுப்பது நல்லது என்பதால், விலை மலிவு என்று அதை வாங்குவது கடைசியில் மலிவாக இராது. பேட்டரியை எஞ்சின் சூடு படாத இடத்தில் வையுங்கள்.

வயரிங்கில் சிக்கனம் பார்க்கவே கூடாது. 1,000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 95 ஆம்பியர் வரை இழுக்கும். மெல்லிய வயர் அந்த மின்னோட்டத்தில் சூடேறித் தீப்பற்றக்கூடும். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரை ஒரு மீட்டருக்குள் முடித்து, நேர்முனைக்கு மிக அருகில் 125 ஆம்பியர் ஃபியூஸ் பொருத்துங்கள். சார்ஜ் கன்ட்ரோலருக்கும் டிசி-டிசி சார்ஜருக்கும் தனித்தனி ஃபியூஸ் வேண்டும். கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் அதன் பிறகே பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது இதற்கு நேர்மாறு. பழக்கம் இல்லாதவர்கள் இந்த வேலையைத் தேர்ந்த வயர்மேனிடம் விட்டுவிடலாம்.

எல்லாம் முடிந்த பிறகு, பேட்டரிக்குள் வந்துபோகும் மின்சாரத்தை அளக்கும் ஷண்ட் மீட்டர் ஒன்றை அதன் எதிர்முனையில் பொருத்தி, வண்டியை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, இரண்டு மூன்று இரவுகள் அதிலேயே சமைத்து உறங்கிப் பாருங்கள். முடிந்தால் மழை நாளாகத் தேர்ந்தெடுங்கள். மீட்டர் காட்டும் செலவு தாளில் எழுதிய 1,100 வாட்-மணியைத் தாண்டினால், பெரும்பாலும் குளிர்பெட்டிதான் காரணமாக இருக்கும். அதன் பின்புறம் காற்றோட்டத்துக்குப் போதிய இடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு பேனலைக் கூட்டுவது பற்றி யோசியுங்கள்.