தொண்டு நிறுவனத்துக்குப் பயிற்சி மாணவர்களைச் சேர்ப்பது எப்படி?

சிறிய தொண்டு நிறுவனங்கள் பலவும் அறிவிப்பை முதலில் வெளியிட்டுவிட்டு, மாணவர் வந்து சேர்ந்த பிறகுதான் அவருக்கு என்ன கொடுப்பது என்று யோசிக்கின்றன. இந்த வரிசையை மாற்ற வேண்டும். ஒன்றுமே தராத இடத்துக்கு, வீட்டில் பணம் வாங்கக்கூடியவர்கள் மட்டுமே வருவார்கள். நாம் எந்தக் குடும்பங்களுக்காகப் பணி செய்கிறோமோ, அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள்.

படி 1: உதவித்தொகையை முடிவு செய்யுங்கள்

மாணவர் உங்களிடம் வந்து போக என்ன செலவாகும் என்பதிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். பயணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நாளொன்றுக்கு 150 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 22 வேலை நாட்களுக்கு 3,300 ரூபாய். இது அவர் கைக்காசு போகாமல் இருப்பதற்கான தொகை மட்டுமே. அவருடைய உழைப்புக்கான தொகையை இதற்கு மேல்தான் சேர்க்க வேண்டும். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் 2021 முதல் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்பதைக் காட்டி மாணவிகளின் தொகையைக் குறைக்காதீர்கள். ஒரே வேலைக்கு எல்லோருக்கும் ஒரே தொகை என்பதே நியாயம்.

வெளிநாட்டு நன்கொடையிலிருந்து கொடுப்பதானால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020இல் வந்த திருத்தம், நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்தது. அலுவலக நிர்வாகத்துக்கு எடுக்கும் ஆளுக்கான செலவு இந்த வரம்புக்குள் வரும். மாலை வகுப்பில் பாடம் நடத்துவதைப் போல, நிறுவனத்தின் நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் பணிக்கான செலவு இந்த வரம்பில் சேராது. மாணவர் எந்த வகைப் பணியில் இருக்கிறார் என்பதைத் தொடக்கத்திலேயே எழுதிவைத்துத் தணிக்கையாளரிடம் காட்டிவிடுங்கள்.

படி 2: வேலையை வரையறுங்கள்

“அலுவலகப் பணிகளில் உதவுதல்” என்று எழுதினால் அது வேலை விவரம் ஆகாது. “இரண்டு மாதங்களில் 40 வீடுகளுக்குச் சென்று, இடைநின்ற குழந்தைகளின் விவரத்தைப் படிவத்தில் நிரப்பி, தமிழில் ஓர் அறிக்கை எழுதுதல்” என்று எழுதுங்கள். வேலையைச் சொல்லித்தந்து திருத்தும் பொறுப்பை ஊழியர் ஒருவரிடம் ஒப்படையுங்கள். அதற்கு நேரம் உள்ளவர் இல்லையென்றால், அந்தப் பருவத்துக்கு ஆள் எடுக்காமல் இருப்பதே மாணவருக்குச் செய்யும் நன்மை.

படி 3: சரியான இடத்தில் தேடுங்கள்

சமூகப்பணி முதுகலை மாணவர்களுக்குக் களப்பணி பாடத்திட்டத்தின் ஒரு பகுதி. வாரத்தில் இரண்டு நாள் வரும் களப்பணியும் உண்டு. படிப்பின் முடிவில் ஒரு மாத அளவுக்குத் தொடர்ந்து வரும் முழுநேரப் பயிற்சியும் உண்டு. கல்லூரியின் களப்பணி ஒருங்கிணைப்பாளருக்குப் பருவம் தொடங்கும் முன்பே கடிதம் எழுதுங்கள். அறிவிப்பில் உதவித்தொகை எவ்வளவு என்பதை எண்ணிலேயே குறிப்பிடுங்கள். “தகுதிக்கேற்ப” என்ற சொல் வேண்டாம். நேர்காணலில் ஆங்கிலச் சரளத்தை வைத்து மதிப்பிடாமல், களத்தில் மக்களிடம் அவர் எப்படிப் பேசுவார் என்பதைப் பாருங்கள்.

படி 4: எழுத்தில் கொடுங்கள்

சேர்க்கைக் கடிதத்தில் பணிக்காலம், வேலை நேரம், விடுப்பு, தொகை, அது கைக்கு வரும் தேதி, வழிகாட்டும் ஊழியரின் பெயர் ஆகியவை இருக்கட்டும். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பயிற்சி பெறுபவர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும் பொருந்தும். தொண்டு நிறுவனங்களும் அதன்படி பணியிடங்களே. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். அதற்குக் குறைவென்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். யாரிடம் புகார் கொடுக்க வேண்டும் என்பதை முதல் நாளே மாணவியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

படி 5: தவறாமல் கொடுங்கள்

உதவித்தொகையை மாதாமாதம் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். களத்துக்குப் போகும் பேருந்துச் செலவை அதிலிருந்து பிடிக்காமல், சீட்டை வாங்கிக்கொண்டு அந்த வாரமே தனியாகத் திருப்பிக் கொடுங்கள். நன்கொடையாளரிடமிருந்து தவணை வரத் தாமதமானாலும் மாணவரின் தொகை நிற்காதபடி, பயிற்சிக்காலம் முழுவதற்குமான பணத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். செய்த வேலையைப் பெயர்சொல்லிக் குறிப்பிடும் சான்றிதழும் கடைசி மாதத் தொகையும் அவர் விடைபெறும் நாளிலேயே கையில் கிடைக்கட்டும்.