சுலப இணைய இணைப்பு: சேரும் முன் கேட்க வேண்டியவை

"பெட்டியைச் செருகினால் போதும்" என்று புதியவர்களுக்காகவே இணைப்பு தரும் நிறுவனங்களில், ரவுட்டரின் முழு நிர்வாக உரிமை பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றலாம், அவ்வளவுதான். டிஎன்எஸ்ஸை (தளப் பெயரை ஐபி எண்ணாக மாற்றித் தரும் சேவை) மாற்ற வேண்டுமானால் ஃபோன், கணினி என்று ஒவ்வொன்றிலும் தனித்தனியாக 1.1.1.1 அல்லது 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் முகவரியைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

பலரை அலைக்கழிப்பது இன்னொன்று. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP, இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி) என்ற வரியைப் பாருங்கள். அந்த எண் 100.64 முதல் 100.127 வரையிலான ஏதாவது ஒன்றில் தொடங்கினால், ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கிட்டிருக்கிறார்கள். அப்போது வீட்டுக் கேமராவையோ சர்வரையோ வெளியிலிருந்து நேரடியாகத் திறக்க போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் கோரிக்கையை வீட்டுக் கருவிக்குத் திருப்பிவிடும் ரவுட்டர் அமைப்பு) செய்தும் பயனில்லை. கோரிக்கை உங்கள் ரவுட்டர் வரை வந்தே சேராது. தனிப் பொது முகவரி தருவார்களா, ஐபிவி6 (புதிய, நீளமான ஐபி முகவரி முறை) உண்டா என்று முன்பே கேளுங்கள்.

சொந்த ரவுட்டர் போடும் எண்ணம் இருந்தால் பிரிட்ஜ் மோடு (அவர்கள் பெட்டி இணைப்பை உங்கள் ரவுட்டருக்கு அப்படியே கடத்தும் நிலை) உண்டா என்பதையும், பிபிபிஓஇ (PPPoE, இணைப்புக்குள் நுழையும் முறை) பயனர்பெயர், கடவுச்சொல், விலேன் எண் (VLAN, இணையப் போக்குவரத்தைப் பிரித்தறியும் அடையாள எண்) ஆகியவற்றையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலேன் எண் தவறினால் கேபிள் விளக்கு எரியும், இணையம் வராது.

அவர்கள் இலவசமாகத் தரும் மின்னஞ்சலை வங்கிக் கணக்குக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். இணைப்பைத் துண்டித்ததும் அந்த முகவரி பறிபோகலாம். கடவுச்சொல் மீட்புக் கடிதங்களும் அதோடு போய்விடும்.