இன்சூரன்ஸ் இல்லாத கார் வந்து இடித்தால்

கலிபோர்னியாவில் கார் ஓட்டுகிறவர்கள் இன்றே பாலிசியின் முதல் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். 'அன்இன்ஷூர்டு மோட்டாரிஸ்ட்' (இன்சூரன்ஸ் இல்லாதவர் இடித்தால் நம் பாலிசியே பணம் தரும் பகுதி) என்ற வரிக்கு எதிரே தொகை இருக்கிறதா? ஃப்ரீமான்ட்டில் சிக்னலில் நின்றிருந்த என் காரைப் பின்னாலிருந்து இடித்தவரிடம் இன்சூரன்ஸே இல்லை. என் கழுத்து வைத்தியத்துக்குப் பணம் வந்தது அந்த ஒரு வரியால்தான். வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டிருந்தால் அது இருக்காது. ஆன்லைனில் பாலிசி எடுக்கும்போது அவசரத்தில் போட்டுவிடாதீர்கள்.

இடித்தவர் நிற்காமல் போய்விட்டால் 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்லுங்கள். 30 நாளுக்குள் உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சத்தியப் பிரமாணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அப்புறம் வக்கீல். முன்பணம் கிடையாது, பணம் வந்தால் பங்கு. பெரும்பாலும் மூன்றில் ஒன்று, விவகாரம் நீண்டால் 40 சதவீதம் வரை போகும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம். கையெழுத்துக்கு முன் நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கேட்டேன்: "பங்கு, வழக்குச் செலவைக் கழித்த பிறகா, கழிக்கும் முன்பா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 டாலர் வருகிறது, செலவு 3,000. செலவை முதலில் கழித்தால் வக்கீலுக்கு 9,000, உங்களுக்கு 18,000. பங்கை முதலில் எடுத்தால் அவருக்கு 10,000, உங்களுக்கு 17,000. ஆஸ்பத்திரி பாக்கியும் இதிலிருந்துதான் போகும். அதைக் குறைத்துப் பேசித் தருவாரா என்றும் கேளுங்கள்.

இரண்டு நாளில் சரியாகிற வலி என்றால் வக்கீலே வேண்டாம், நீங்களே கிளெய்ம் போடலாம்.