சேலத்துப் பட்டறைக்கு லித்தியம் செல் இறக்குமதி: பணம் அனுப்பும் முன்பும் பெட்டி பிரிக்கும்போதும்

ஏற்காடு எஸ்டேட்டுகளுக்கும் ஊருக்குள் கடைகளுக்கும் சோலார் பேட்டரி பேக் கட்டும் பட்டறை ஒன்று, சீனாவிலிருந்து நேரடியாக 480 செல் வரவழைப்பதாக வைத்துக்கொள்வோம். எல்.எஃப்.பி. (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை, 3.2 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர். 16 செல் சேர்ந்தால் 51.2 வோல்ட் பேக். மொத்தம் 30 பேக். எடை ஒரு டன் அளவில் நிற்கும் என்பதால் முழு கன்டெய்னர் வேண்டாம், பிறர் சரக்கோடு பகிர்ந்து ஏற்றும் எல்.சி.எல். போதும்.

முதலில் வாட்-ஹவரைப் பாருங்கள். 3.2 × 100 = 320. கடல்வழி விதியில் 20 வாட்-ஹவர் வரையுள்ள செல்லுக்குத்தான் சலுகை உண்டு. இது அதைத் தாண்டிவிட்டதால் யூ.என். 3480 என்ற எண்ணில் வரும் ஒன்பதாம் வகுப்பு ஆபத்துச் சரக்கு. சாதாரணச் சரக்குக்கான எல்.சி.எல். கட்டணத்தை வைத்து விலை போட்டால் கையைக் கடிக்கும். பலரின் சரக்கை ஒரே கன்டெய்னரில் சேர்த்து அனுப்பும் கன்சாலிடேட்டர்களில் லித்தியத்தை ஏற்காதவர்கள் நிறைய. விமானத்தில் தனி செல் அனுப்ப 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது, 2016 முதல் பயணிகள் விமானத்திலும் ஏற்ற முடியாது. மாதிரிக்கு நாலு செல் வேண்டுமானால் சரக்கு விமானத்தில் வரட்டும்.

அட்வான்ஸ் அனுப்பும் முன் யூ.என். 38.3 என்ற போக்குவரத்துப் பாதுகாப்புச் சோதனையின் சுருக்கத்தை வாங்குங்கள். 2020 முதல் தயாரிப்பாளர் இதைக் கொடுத்தே ஆக வேண்டும். கூடவே எம்.எஸ்.டி.எஸ். (பொருளின் பாதுகாப்புத் தகவல் தாள்), பெட்டியில் அச்சிட்ட யூ.என். முத்திரையின் படம் (அட்டைப்பெட்டியானால் 4ஜி என்று தொடங்கும்), செல் லேபிளின் கிட்டப்படம். நான்கையும் மேசையில் பரப்பி, சோதனைச் சுருக்கம், எம்.எஸ்.டி.எஸ்., லேபிள் மூன்றிலும் மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். லேபிளில் 100 என்று முடியும் எண், ரிப்போர்ட்டில் 105 என்று இருந்தால் அது வேறு செல்லின் ரிப்போர்ட். சரக்கு துறைமுகத்தில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்போது சப்ளையர் போனை எடுப்பார் என்று நம்பி இருக்க முடியாது.

பி.ஐ.எஸ். (இந்தியத் தரநிர்ணய அமைப்பு) விஷயம் பயன்பாட்டைப் பொறுத்தது. பவர்பேங்க் போன்ற கையடக்கப் பொருளில் போடும் செல்லுக்கு ஐ.எஸ். 16046 பகுதி 2 பதிவு வேண்டும். இ-ஆட்டோ, இரு சக்கர வண்டி பேக்குக்கு ஏ.ஐ.எஸ். 156 (வாகன பேட்டரிப் பாதுகாப்பு) சோதனை. உங்கள் செல் எதில் சேரும் என்பதை ஆர்டருக்கு முன்பே கிளியரிங் ஏஜெண்டிடம் எழுத்தில் வாங்குங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிப்படி இறக்குமதி செய்பவரும் உற்பத்தியாளர் கணக்கில் வருவதால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவும் தேவை.

விலை பேசும்போது சி.ஐ.எஃப். (கப்பல் கூலியும் காப்பீடும் சப்ளையர் பொறுப்பு) மலிவாகத் தெரியும். ஆனால் கப்பல் கூலியில் விட்டதைச் சென்னையில் டெலிவரி ஆர்டர் கட்டணம், சி.எஃப்.எஸ். (கன்டெய்னர் பிரிக்கும் கிடங்கு) கட்டணம் என்று பிடித்துவிடுவார்கள். எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும் வரை மட்டும் சப்ளையர் பொறுப்பு) போட்டு, ஃபார்வர்டரை (சரக்கு அனுப்பும் முகவரை) நீங்களே அமர்த்துவதுதான் நல்லது.

சுங்கத்தில் இந்த செல்லின் வரித் தலைப்பு எண் 85076000. அடிப்படை வரி, அதன் மேல் 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரி, சரக்கு மதிப்போடு இவற்றையும் கூட்டி வரும் தொகைக்கு 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. கடைசியாகச் சொன்னதை இன்புட் கிரெடிட்டாக எடுக்கலாம். முதல் இரண்டும் அடக்கவிலையில் சேரும். கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிச் சுங்கப் படிவம்) போட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாள் தினம் 5,000 ரூபாய், பிறகு தினம் 10,000. டெமரேஜ் (சரக்கு தேங்குவதற்கான கட்டணம்) தனி.

லோடு சேலம் வந்ததும் லாரிக்காரரை அனுப்பும் முன் பெட்டிகளின் மூலைகளைப் படம் எடுங்கள். நசுங்கிய பெட்டியைத் தனியே வெளியில் வையுங்கள். பிறகு ஒவ்வொரு செல்லுக்கும் இரண்டு அளவு: மூன்று தசம மல்டிமீட்டரில் வோல்ட்டேஜ், நாலு ஒயர் மீட்டரில் உள்தடை. 3.3 வோல்ட் காட்டினாலே நல்ல செல் என்று எண்ணாதீர்கள், எல்.எஃப்.பி.யில் பாதி சார்ஜிலும் முக்கால் சார்ஜிலும் வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றுதான். உள்தடை டேட்டாஷீட் அளவைத் தாண்டினாலோ, கூட வந்த செல்களைவிடத் தெளிவாக அதிகமானாலோ ஒதுக்குங்கள். 2.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லை பேக்கில் போடவே கூடாது.

டெர்மினலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். வெல்டிங் வட்டத்தின் மேல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கோடுகள் தெரிந்தால், கியூ.ஆர். குறியீட்டின் அடியில் பழைய குறியீட்டின் நிழல் தெரிந்தால், அது கழற்றிய செல்லுக்குப் புது நீலத்தாள் சுற்றியது. லாட்டிலிருந்து பத்தை எடுத்து 3.65 வோல்ட் வரை ஏற்றி, 20 ஆம்பியரில் 2.5 வோல்ட் வரை இறக்குங்கள். ஐந்து மணி நேரம் ஓட வேண்டும். நாலே கால் மணியில் நின்றால் 85 ஆம்பியர்-ஹவர்தான்; மீதிப் பணத்தில் பேசிக்கொள்ள அந்தப் பதிவு கையில் இருக்கட்டும். அதனால்தான் விலையில் 10 சதவீதத்தையாவது சோதனைக்குப் பிறகு தருவதாக ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

மீதிச் செல்களை அரைச் சார்ஜில், டெர்மினல் மூடியோடு வையுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகை ஆகாது; தரைத்தளத்தில் காற்றோட்டமுள்ள கான்கிரீட் அறை வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி வோல்ட்டேஜ் எடுத்தால், தானாகச் சார்ஜ் இழக்கிற செல் அந்த அட்டவணையில் தனியாகத் தெரியும்.